இடிபாட்டைப் பிரிக்கும் கைக்குக் கூலி எங்கே?

(சென்னையில் கட்டிடத் தொழிலாளர் கிளைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



கூலி உயர்வு, போனஸ், நலவாரிய அட்டை ஆகியவற்றைப் பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று ரப்பீஸைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியதும், “குப்பையைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா?” என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் குப்பைக்குள் நம்முடைய கூலி கிடக்கிறது, நம்முடைய நெஞ்சுக்கூடும் கிடக்கிறது. அதனால்தான் இந்தக் கூட்டம்.

இந்த நகரத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு வீட்டை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் கட்டிய ஒரு மாடி வீடு போய், அங்கே நாலு மாடி அடுக்குக் குடியிருப்பு வருகிறது. பகலில் பொக்லைன் இடிக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் லாரி வருகிறது. லாரி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. காலையில் பார்த்தால் ஏரிக்கரையில், கால்வாய் ஓரத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில் புதுசாக ஒரு மேடு முளைத்திருக்கிறது. 2022-ல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ராம்சார் ஒப்பந்தப்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்து என்ன? லாரி டிரைவருக்கு ராம்சாரைத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், தூரமாகப் போனால் டீசல் கூடச் செலவாகும், அந்தக் காசைக் கான்டிராக்டர் தரமாட்டார் என்பதுதான். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் ரப்பீஸ் நிற்கிறது. தண்ணீர் நம் குடிசைக்குள் வந்து நிற்கிறது.

எவ்வளவு ரப்பீஸ் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மத்திய சர்க்காரின் தொழில்நுட்ப மதிப்பீட்டு நிறுவனம் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. பக்காக் கட்டிடம் ஒன்றை இடித்தால் சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ வரை இடிபாடு விழும். புதிதாகக் கட்டும்போது வீணாவது சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ. அப்படியானால் ஆயிரம் சதுர அடி வீடு ஒன்றை இடித்தால் 28 டன்னிலிருந்து 46 டன் வரை இடிபாடு. அதே ஆயிரம் சதுர அடியைப் புதிதாகக் கட்டினால் வீணாவது நாலு, ஐந்து டன். ஆக, கட்டுவதைவிட இடிப்பதுதான் எட்டு மடங்கு மலையைக் குவிக்கிறது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 15 கோடி டன் என்று சர்க்காரின் கட்டிடப் பொருள் கவுன்சில் மதிப்பிட்டது. இதில் மறுபடியும் பயன்படுத்த வழிசெய்யப்பட்டது 1 சதவீதம்தான் என்று டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020-ல் எழுதியது. 2017-க்குள் 53 நகரங்களில் மறுசுழற்சி ஆலை வந்திருக்க வேண்டும், 2020-ல் 13 நகரங்களில்தான் வந்திருந்தது என்றும் அது சொன்னது.

பழைய கொத்தனார் செய்த வேலை

இடிமானத்தை மறுபடி பயன்படுத்துவது ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்த புது ஞானம் என்று சிலர் பேசுகிறார்கள். நம் கூட்டத்தில் இருக்கிற வயதான கொத்தனார்களைக் கேளுங்கள், சிரிப்பார்கள். செங்கல்லை உடைத்து ஜல்லியாக்கி, சுண்ணாம்பு சேர்த்து, மாடித் தளத்தில் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்தவர்கள் யார்? செங்கல்லைப் பொடித்தால் சுர்க்கி, அதைச் சுண்ணாம்போடு கலந்தால் சாந்து. 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தில் கட்டியது. சுட்ட மண் தூளின் வேலை அது.

பழைய சென்னை வீடுகளை இடித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். தேக்கு உத்தரத்தின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடு ஒன்றைப் பிரித்தால் குப்பை என்று மிஞ்சுவது கொஞ்சம்தான். உத்தரம் மரக்கடைக்குப் போகும். கதவும் ஜன்னலும் நிலையோடு போகும். செங்கல் முழுசாக வரும், ஏனென்றால் சுண்ணாம்புச் சாந்து செங்கல்லை விட்டுக்கொடுக்கும். கொத்துக்கரண்டியால் நாலு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். அந்தக் காலத்தில் கான்டிராக்டர் வீட்டுக்காரருக்கே பணம் கொடுத்து இடிக்கிற உரிமையை வாங்குவார். அவ்வளவு பொருள் உள்ளே இருந்தது.

சிமெண்டு வந்தது. சிமெண்டுச் சாந்து செங்கல்லை விடாது, செங்கல் உடையும், சாந்து உடையாது. கான்கிரீட் தூணும் தளமும் வந்தன. அவற்றிலிருந்து கம்பியைத் தவிர வேறெதையும் கையால் பிரிக்க முடியாது. சிமெண்டைக் குறை சொல்ல நாம் இங்கே வரவில்லை. நாலு மாடியைச் சுண்ணாம்பில் எளிதில் கட்ட முடியாது. ஆனால் பொருளின் தன்மை மாறியபோது, இடிக்கும் முறையும் மாறியிருக்க வேண்டும். முறை மாறியது, ஆனால் தலைகீழாக மாறியது. முன்பு மேலிருந்து கீழே பிரித்தார்கள். இப்போது பக்கவாட்டில் பொக்லைனை நிறுத்தி நொறுக்குகிறார்கள். செங்கல், கான்கிரீட், டைல்ஸ், ஜிப்சம் சீலிங், பிளாஸ்டிக் குழாய், கண்ணாடி, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எல்லாம் ஒரே குவியல். முன்பு பத்து நாள் வேலை, இப்போது இரண்டு நாள். மிச்சமான எட்டு நாள் கூலி யாருடைய பைக்குப் போனது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கலந்த பிறகு அது குப்பை. கலப்பதற்கு முன்னால் அது சரக்கு. நம் பேச்சின் மையம் இதுதான், தோழர்களே.

ஆலையிலே நடப்பது

சென்னைக் கார்ப்பரேஷனுக்காகப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டிட இடிபாட்டை அரைக்கும் ஆலைகள் இருக்கின்றன. நடத்துவது தனியார். இந்தியாவில் முதல் ஆலை 2009-ல் டெல்லி புராரியில் வந்தது. ஆலையில் என்ன செய்கிறார்கள்? லாரியை எடை போடுகிறார்கள். பெரிய பாறைகளை உடைக்கிறார்கள். கையால் துணி, கட்டை, பிளாஸ்டிக்கைப் பொறுக்குகிறார்கள். காந்தம் இரும்பை இழுக்கிறது. அப்புறம் நொறுக்கும் எந்திரம், சலிக்கும் எந்திரம். ஈரமுறை ஆலையானால் தண்ணீரில் கழுவி மண்ணைப் பிரிக்கிறார்கள். கடைசியில் முக்கால் ஜல்லி, சின்ன ஜல்லி, மணல் என்று தனித்தனியாக வருகிறது. அதிலிருந்து நடைபாதைக் கல், ஓரக் கல், சுவர்க் கல் வார்க்கிறார்கள்.

இது உறுதியாக இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. மேஸ்திரிகளே கேட்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 383 என்னும் விதி 2016-ல் திருத்தப்பட்டு இதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. கம்பி போடாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்-25 தரம் வரை 20 சதவீதம், தரையடியில் போடுகிற மெலிந்த கான்கிரீட்டில் முழுவதுமே பழைய கான்கிரீட்டை அரைத்த ஜல்லியைப் போடலாம். டெல்லியில் சுப்ரீம் கோர்ட்டின் கூடுதல் கட்டிடத்தில் இப்படிச் செய்த 18 லட்சம் கற்களுக்கு மேல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நீதிபதிகள் தலைமேல் ஒன்றும் விழவில்லை!

ஆனால் ஆலை மந்திரவாதியல்ல. ஜிப்சம் கலந்து போனால் அதிலிருக்கிற கந்தகச் சத்து புதுக் கான்கிரீட்டைக் கெடுக்கும். மண் அதிகம் கலந்தால் கல் பலமில்லாமல் போகும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கலந்து நொறுங்கினால் அங்கே வேலை செய்கிறவன் மூச்சில் அதன் நார் போகும். ஆகையால் நல்ல கல் ஆலையில் பிறப்பதில்லை, இடிக்கிற இடத்தில் பிறக்கிறது. அங்கே பிரித்துக் கொடுக்கும் கையில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தக் கை யாருடையது? பெரியாளுடையது, சித்தாளுடையது. இன்று ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் படுத்திருக்கும் நம் சகோதரனுடையது.

சட்டம் என்ன சொல்லுகிறது?

2016-ல் மத்திய சர்க்கார் கட்டிட இடிபாட்டு விதிகளை வெளியிட்டது. ஒரு நாளில் 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு வேலையில் மாதம் 300 டன்னுக்கு மேல் இடிபாடு உண்டாக்குகிறவர் அதைக் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-சாந்து என்று நாலாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றது. சர்க்கார் வேலைகளில் 10 முதல் 20 சதவீதம் என்கிற அளவில் மறுசுழற்சிப் பொருளைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்றது. நல்ல விதிதான். 2025-ல் வேறு விதிகள் வந்தன. 2026 ஏப்ரல் 1 அமலுக்கு வரும் தேதி. 20,000 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டிடங்களின் உரிமையாளர்கள் மேல் அவை பொறுப்பைச் சுமத்துகின்றன. நம் கணக்கில் ஏறத்தாழ 2 லட்சத்து 15 ஆயிரம் சதுர அடி.

இப்போது முன்னே சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தெருவில் இடிபடுகிற ஆயிரம் சதுர அடி வீடு 28 முதல் 46 டன். மாதம் 300 டன்னுக்கு அது எட்டவே எட்டாது. நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் நாளுக்கு 20 டன்னும் ஆகாது. 2 லட்சம் சதுர அடிக்கும் அதற்கும் உறவே கிடையாது. பிரித்துக் கொடுக்கும் கடமை பெரிய பில்டருக்கு மேல் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ரப்பீஸ் மலையோ சின்ன வீடுகளிலிருந்து இரவு லாரியில் வருகிறது. வலையின் கண் பெரிசாக இருக்கிறது, நெத்திலி எல்லாம் தப்பிப் போகிறது.

பெரிய மீனாவது மாட்டுகிறதா என்றால், நொய்டாவைப் பாருங்கள். சட்டத்தை மீறிக் கட்டிய இரண்டு கோபுரங்களை இடிக்கும்படி 2021 ஆகஸ்ட் 31 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஒரு வருஷம் கழித்து, 2022 ஆகஸ்ட் 28 அன்று, 3,700 கிலோ வெடிமருந்து வைத்து, ஒன்பது விநாடியில் வீழ்த்தினார்கள். சுமார் 80,000 டன் இடிபாடு. பாதிக்கு மேல் அங்கேயே அடித்தளக் குழியை நிரப்பப் போனது. சுமார் 28,000 டன் நொய்டா ஆலைக்குப் போனது. கோர்ட்டும் டெலிவிஷனும் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அதைக் கட்ட அனுமதி கொடுத்த கையெழுத்துகள் இல்லாதிருந்தால் அந்த 80,000 டன்னே இருந்திருக்காது.

நமக்கு நொய்டா தூரம், மவுலிவாக்கம் கிட்டம். 2014 ஜூன் 28 அன்று மாலை, கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டிடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கட்டிடத் தொழிலாளிகள், ஆந்திராவிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அவர்களில் நிறைய. பக்கத்தில் நின்ற இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒருநாள்கூட ஒரு குடும்பம் அடுப்பு மூட்டாத இரண்டு கட்டிடங்கள் முழுசாக இடிபாடாகிவிட்டன. ரப்பீஸைக் குறைப்பது எப்படி என்று இன்ஜினீயர்கள் மாநாடு போட்டு விவாதிக்கிறார்கள். முதல் வழி, விழாத கட்டிடம் கட்டுவது!

சர்க்கார் கட்டியதும் இதற்கு விலக்கல்ல. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியம் 1993-ல் கட்டிய ஒரு தொகுப்பில் 24 வீடுகள் சரிந்தன. முன்கூட்டியே விரிசலைப் பார்த்து ஜனங்களை வெளியேற்றியதால் உயிர் தப்பினார்கள். இருபத்தெட்டு வருஷம்! கடற்கரைக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும் என்பது சித்தாளுக்கும் தெரியும். கம்பிக்கு மேல் கான்கிரீட் போதுமான கனம் இருந்தால், காலாகாலத்தில் பழுது பார்த்திருந்தால் இன்னும் முப்பது வருஷம் நின்றிருக்கும். பழுது பார்ப்பதற்குப் பணமில்லை என்பார்கள், இடித்துக் கட்ட டெண்டர் விடுவதற்குப் பணம் வந்துவிடும். டெண்டரில் கமிஷன் உண்டு, ஒழுகலை அடைப்பதில் என்ன கமிஷன் கிடைக்கும்?

நெஞ்சுக்குள் படியும் தூசு

இனி நம் உடம்பைப் பற்றி. கல், கான்கிரீட், செங்கல், டைல்ஸ் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. உடைக்கும்போது எழும் தூசில் கண்ணுக்குத் தெரிகிற பருந்தூசு அவ்வளவு ஆபத்தல்ல, மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசு நுரையீரலின் அடிவரை போய்ப் படிந்து தழும்பாக்கும். சிலிக்கோசிஸ் என்று பெயர். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அது வந்தவனுக்குக் காசநோய் எளிதில் பற்றும். ஆஸ்பத்திரியில் காசநோய் என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள், தூசு என்று எழுதமாட்டார்கள். எழுதினால் முதலாளி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டுமல்லவா? ராஜஸ்தான் சர்க்கார் 2019-ல் இந்த நோய்க்கென்று தனிக் கொள்கை வகுத்து, சான்றிதழும் உதவித் தொகையும் கொடுக்க ஏற்பாடு செய்தது. கல் குவாரித் தொழிலாளிகளும் அவர்கள் சங்கங்களும் வருஷக்கணக்காகப் போராடியதன் பலன் அது.

தூசை அடக்க வழியில்லையா? இருக்கிறது, ரொம்ப எளிய வழி. தண்ணீர். உடைக்கும் இடத்தில் குழாய் வைத்து நனைத்துக்கொண்டே இருந்தால் பெரும்பகுதித் தூசு எழாது. சுற்றிலும் துணித் திரை. முகத்தில் தூசை வடிகட்டும் நல்ல முகமூடி. தலைத்துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது நுண்தூசைத் தடுக்காது, தோழர்களே, அதை நம்பாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கவே கூடாது. நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். ஒரு லாரித் தண்ணீர் என்ன விலை? அதைக் கேட்டால், “ரெண்டு நாள் வேலைக்கு இதெல்லாம் எதற்கு” என்கிறார் மேஸ்திரி. அவருக்கு ரெண்டு நாள் வேலை. நமக்கு வருஷம் முழுவதும் அந்த ரெண்டு நாள்தான், வீடு மட்டும் மாறுகிறது.

1996-ம் வருஷக் கட்டிடத் தொழிலாளர் சட்டம் இடிக்கும் வேலையையும் கட்டிட வேலை என்றே வரையறுத்தது. அந்தச் சட்டத்தை 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொகுப்புகளுக்குள் கரைத்துவிட்டார்கள். கரைத்தது பற்றி நம் அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும். ஆனால் தொகுப்பிலும் இடிப்பு என்ற வார்த்தை இருக்கிறது, கட்டுமானச் செலவில் 1 சதவீதத்துக்குக் குறையாத செஸ் வரியும் இருக்கிறது. எனவே இடிப்பவனுக்கு நலவாரியத்தில் இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

யுத்தம் முடிந்தபோது பெர்லினில் பல்லாயிரம் பெண்கள் இடிபாட்டில் உட்கார்ந்து செங்கல்லைச் சுத்தியலால் தட்டிச் சுத்தம் செய்தார்கள். ஹிட்லர் படைகள் தரைமட்டமாக்கிய வார்ஸாவில், இடிபாட்டை அகற்ற முடியாமல், அதையே அரைத்துக் கட்டையாக வார்த்து, அந்த மேட்டின் மேலேயே முரானோவ் என்கிற பேட்டையைக் கட்டினார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் பெர்லினில் செங்கல் தட்டிய பெண்ணுக்குச் சும்மா இருந்தவர்களைவிட மேலான ரேஷன் கார்டு கொடுத்தார்கள். அது ஒரு வேலை, கடினமான வேலை என்று கணக்கில் வந்தது. இங்கே நம் சித்தாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பழைய செங்கல்லைத் தட்டி அடுக்கினால், “சும்மாதானே உட்கார்ந்திருந்தாய்” என்று கூலியில் சேர்ப்பதில்லை. அந்தச் செங்கல்லை மேஸ்திரி வண்டி வைத்து விற்கிறார்.

நாம் கேட்கப் போவது

வீட்டை இடிக்க அனுமதி கேட்கிறவரிடம் கார்ப்பரேஷன் வரி ரசீது கேட்கிறது. கூடவே, எதை எதைப் பிரித்து எடுப்பீர்கள், எத்தனை நாள், எத்தனை ஆள், ரப்பீஸ் எந்த இடத்துக்குப் போகும் என்று ஒரு தாள் கேட்கட்டும். வீடு எவ்வளவு சின்னதானாலும் கேட்கட்டும். ஆலையில் எடை போட்ட சீட்டைக் காட்டினால்தான் புதுக் கட்டிடத்துக்கு அடுத்த அனுமதி என்று வைக்கட்டும். சீட்டு இல்லாத லாரி ஏரிக்கரைக்குத்தான் போயிருக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் தேவையில்லை. ஒரு வண்டி, அரை வண்டி ரப்பீஸ் உள்ளவர்கள் பெருங்குடி வரை போக முடியாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் கொட்டிவைக்க ஒரு இடம் வேண்டும். அரைத்துச் செய்த கல்லைக் கார்ப்பரேஷன் தன் நடைபாதைகளுக்கு முதலில் வாங்க வேண்டும். வாங்க ஆளில்லாத சரக்கைச் செய்து குவித்து என்ன பிரயோஜனம்?

இதில் நமக்கென்று ஒன்று உண்டு. அதை விட்டுக்கொடுத்து மற்றதை வாங்கினால் கான்டிராக்டருக்கு இன்னொரு வியாபாரம் பிடித்துக் கொடுத்தவர்களாவோம். பிரிக்கும் வேலைக்குத் தனிக் கூலி வேண்டும். ஆயிரம் செங்கல் தட்டி அடுக்கினால் இவ்வளவு என்று விகிதம் வேண்டும், அது பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயும் முகமூடியும் டெண்டரிலேயே தனி இனமாக எழுதப்பட வேண்டும். வருஷம் ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே நலவாரியச் செலவில் எடுக்க வேண்டும்.

“இவ்வளவும் கேட்டால் பொக்லைனை வைத்து முடித்துவிடுவான், நமக்கு உள்ளதும் போகும்” என்று ஒரு தோழர் சொன்னார். அந்தப் பயம் வீணானதல்ல. அதனால்தான் சீட்டையும் கூலியையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுகிறோம். எடைச் சீட்டு இல்லாமல் அனுமதி இல்லை, கலப்படச் சரக்குக்கு ஆலையில் கட்டணம் அதிகம், பிரித்த சரக்குக்குக் குறைவு என்று ஆகிவிட்டால், நொறுக்குவதைவிடப் பிரிப்பது கான்டிராக்டருக்கே மலிவு. அன்றைக்கு அவன் ஆள் தேடி நம்மிடம் வருவான். வரும்போது விகிதம் நம் கையில் எழுதித் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு காரியம். ஒவ்வொரு தோழரும் தம் தெருவைச் சுற்றி எத்தனை வீடு இடிபடுகிறது, எத்தனை ஆள் வேலை செய்கிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்களா, லாரி எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு தாளில் குறித்துக் கொண்டுவர வேண்டும். எழுத வராதவர்கள் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். வெளியூர்த் தோழர்களிடம் பேச இந்தி தெரிந்த இரண்டு பேர் நம் கிளையில் இருக்கிறார்கள், அவர்களையும் கூட்டிப் போங்கள். அந்தத் தாள்களை வைத்துத்தான் மனு எழுதப் போகிறோம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மண்டல அலுவலக வாசலில் கூடுவோம்.